உபகாரமும் சம்பளமும்

ஏழை மாணாக்கர் உயர்கல்வி பெறுவதற்கென அளிக்கப்படும் பொருளுக்கு இக்காலத்தில் உதவித்தொகை என்றும் ஊக்கத்தொகை என்றும் பெயர்கள் வழங்கினும், நம் முந்திய தலைமுறையினர் அதனை 'உபகாரச் சம்பளம்' என்றே எழுதியும் பேசியும் வந்தனர். அப்பழைய தொடரில் இரண்டு கருத்துகள் இணைந்து நின்றன. கொடுப்பவர் நோக்கில் அது உபகாரம். பெறுபவர் நோக்கிலோ அது சம்பளம், அதாவது மாதந்தோறும் வீடு வந்து சேர்ந்து குடும்ப ஜீவனத்துக்குத் துணைநிற்கும் வரும்படி. திட்டம் வகுப்பவர்கள் இவற்றுள் முன்னதை மறவாது நினைவில் வைத்துப் பின்னதை அடிக்கடி மறந்துவிடுகின்றனர் என்பதும், அம்மறதியினாலேயே பல நல்ல திட்டங்கள் முழுப்பயன் தரத் தவறுகின்றன என்பதும் என் துணிபு.

பழனிக்கு அருகே, பாலாறு பொருந்தலாறு அணையை ஒட்டிய மலையடிவாரத்தில் அமைந்த பாலசமுத்திரத்தை எடுத்துக்கொள்வோம். இவ்வூர்ப் பிள்ளைகளுக்குக் கல்லூரி எட்டாத தொலைவில் இல்லை. பழனியில் 1960 முதல் அருள்மிகு பழனியாண்டவர் கலை பண்பாட்டுக் கல்லூரி நடைபெற்று வருகிறது; பெண்களுக்கெனத் தனிக் கல்லூரியும் உண்டு; இரண்டும் தேவஸ்தானத்தின் தர்மங்கள். எனினும், தென்னந்தோப்பிலும் வயலிலும் தினக்கூலிக்குச் செல்லும் ஒரு தாயின் மகள் பன்னிரண்டாம் வகுப்பை முடித்து நிற்கும்போது அவ்வீட்டில் எழும் வினா, கல்லூரிக் கட்டணம் எவ்வளவு என்பது மட்டுமன்று. இவள் இனி வேலைக்குப் போனால் கிடைக்கக்கூடிய கூலியை மூன்று வருஷம் இழந்திருக்க நம்மால் இயலுமா என்பதே முதல் வினா. கட்டணத்தை அரசு தள்ளுபடி செய்யலாம். அந்தக் கூலியை யார் ஈடுசெய்வது?

திண்டுக்கல் சீமையில் இவ்வினாவுக்கு விடையளிக்க முதலில் முன்வந்தவை, வருந்தத்தக்க முறையில், நூற்பாலைகளே. சுமங்கலித் திட்டம் என்றும் கேம்ப் கூலி முறை என்றும் பெயர் பெற்ற ஏற்பாட்டின்படி, பதின்வயதுப் பெண்கள் மூன்று வருஷம் மில் விடுதியிலேயே தங்கி உழைக்க வேண்டும். மாதந்தோறும் ஒரு சிறு தொகையும், காலம் முடிந்ததும் முப்பதாயிரம், நாற்பதாயிரம், ஐம்பதாயிரம் என்று விவாகச் செலவுக்கு ஒரு பெருந்தொகையும் தருவதாக வாக்களிக்கப்பட்டது. இடையில் நோயுற்றுத் திரும்பியவர்கள் பலர் அத்தொகையை இழந்தனர். இம்முறையின் கொடுமையைப் பலர் எழுதியிருக்கிறார்கள். நான் கவனிக்க வேண்டுவது அதன் கணக்கை. மூன்று வருஷம் என்பது ஒரு பி.ஏ. பட்டத்தின் காலம். இப்பெண்களைச் சேர்க்க வரும் மில் ஏஜெண்டு வாசற்படியில் வந்து நின்றபோது, கல்லூரியின் போட்டியாளனாகவே நின்றான். அவன் கையில் ஒரு தொகை இருந்தது, கல்லூரியின் கையில் ஒன்றுமில்லை.

உபகாரச் சம்பளம் மெய்யாகவே சம்பளமாக அமையும்போது என்ன விளையும் என்பதற்கு நம் சரித்திரத்திலேயே சான்று உண்டு. கணித மேதை இராமாநுஜன் 1904-இல் கும்பகோணம் அரசினர் கல்லூரியில் உபகாரச் சம்பளத்துடன் பிரவேசித்தார். கணிதம் தவிர ஏனைய பாடங்களில் தேறாமையால் அது பறிக்கப்பட, அங்கு அவர் கல்வி நின்றுபோயிற்று. பின்னர்ச் சென்னைத் துறைமுக நிர்வாகத்தில் மாதம் 30 ரூபாய்க்குக் குமாஸ்தாவாக இருந்தவருக்கு, 1913-இல் சென்னைச் சர்வகலாசாலை மாதம் 75 ரூபாய் வழங்க முன்வந்தது. குமாஸ்தா வேலையின் ஊதியத்தை மிஞ்சிய தொகையாக அது இருந்ததனாலன்றோ அவர் மேசையை விட்டு எழுந்து கணிதத்துக்குத் திரும்ப முடிந்தது! முன்னது மதிப்பெண்ணுக்குப் பரிசு, பின்னது ஜீவனத்துக்கு ஆதாரம். அதே 1913-இல் பரோடா சமஸ்தானத்தின் மாதாந்தரப் பொருளுதவியோடு அம்பேத்கர் கொலம்பியா சர்வகலாசாலைக்குச் சென்றதும் இவ்விடத்தில் நினைக்கத்தக்கது.

இந்நோக்கில் பார்க்கும்போது, தமிழ்நாட்டில் 2022 செப்டம்பர் 5 அன்று தொடங்கப்பெற்ற புதுமைப் பெண் திட்டம் ஒரு பெரிய திருப்பம் என்றே கொள்ளவேண்டும். மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பெயரால் 1989 முதல் வழங்கப்பெற்று வந்தது திருமண உதவி. அது பணமாகவும், பிற்காலத்தில் தாலிக்குப் பொன்னாகவும் மணப்பந்தலில் வந்து சேர்ந்தது. அவ்வுதவியே, அவ்வம்மையார் பெயராலேயே, அரசுப் பள்ளியில் பயின்று கல்லூரி புகும் பெண்ணுக்கு மாதம் 1,000 ரூபாயாக மாறியது. மூன்று வருஷத்துக்குக் கூட்டினால் 36,000 ரூபாய்: மில் ஏஜெண்டு காட்டிய தொகையோடு ஏறத்தாழ ஒத்து நிற்பது! கடைசியில் கிடைப்பதாகச் சொல்லப்பட்ட விவாகப் பணத்துக்கு எதிரே, மாதந்தோறும் வங்கிக் கணக்கில் வரும் கல்விப் பணம் நிற்கிறது. 2024 ஆகஸ்டில் தமிழ்ப் புதல்வன் திட்டத்தின் மூலம் ஆண்பிள்ளைகளுக்கும் இது விரிந்தமை நியாயமே. தோப்புக் கூலி மகனையும் அழைக்கிறது.

இப்பணத்தைப் பெண் புத்தகத்துக்குச் செலவிடாமல் வீட்டில் அரிசிக்குக் கொடுத்துவிடுகிறாள் என்று குறைகூறுவாரும் உளர். அரிசிக்குப் போவது இழுக்கன்று. அவள் கல்லூரியில் அமர்ந்திருக்கும் பகற்பொழுதின் கூலியை வீட்டுக்கு ஈடுசெய்வதே இப்பணத்தின் தலையாய காரியம். பழனித் தேவஸ்தானம் தன் பள்ளி, கல்லூரிகளில் பயிலும் சுமார் 4,000 மாணாக்கருக்கு 2022 நவம்பர் முதல் காலைச் சிற்றுண்டி அளித்து வருவதையும் நான் உபகாரச் சம்பளத்தின் ஒரு வடிவமாகவே எண்ணுகிறேன். விடியற்காலையில் வெறும் வயிற்றோடு பஸ் ஏறும் பிள்ளைக்கு ஓர் இட்லித் தட்டு செய்யும் நன்மையை எந்தச் சான்றிதழாலும் செய்ய இயலாது. கடன் கொடுத்தால் போதாதா என்பாருக்கு ஒன்று சொல்வேன்: இங்கிலாந்தில் 1962-ஆம் ஆண்டுச் சட்டம் உள்ளூர் மன்றங்களின் கடமையாக்கிய ஜீவன மானியம் படிப்படியாகத் தேய்ந்து, 2016-இல் புதிய மாணாக்கருக்கு முற்றிலும் கடனாக மாறியது. செல்வம் மிக்க அந்நாட்டின் வழியை, கந்துவட்டிக்குக் கடன் வாங்கி நொந்த கூலிக் குடும்பத்துக்குக் காட்டுவது எனக்கு உவப்பாயில்லை.

ஆயினும் ஒரு குறை எஞ்சுகிறது. அது தொகையைவிடக் காலத்தைப் பற்றியது. 1944-இல் ஆதிதிராவிட மாணாக்கருக்கெனப் பிறந்து இன்றளவும் நாடெங்கும் நடைபெறும் பள்ளிமேற்படிப்பு உதவித்தொகையின் நெடுங்கால நோய் தாமதமே. ஜூனில் கட்டவேண்டிய கட்டணத்துக்கு உரிய பணம் வருஷக் கடைசியில் வருமாயின், அதை நம்பியவன் வட்டிக்கடைக்குத்தான் போகவேண்டும். புதுமைப் பெண் திட்டத்திலும் மாணவி கல்லூரியில் சேர்ந்து, கல்லூரி வழியாக விண்ணப்பித்த பின்னரே பணம் வரத் தொடங்குகிறது. ஆனால் பன்னிரண்டாம் வகுப்பு முடிவு வெளிவரும் மே மாதத்துக்கும் வகுப்புகள் தொடங்கும் நாளுக்கும் இடைப்பட்ட வாரங்களில்தான் விண்ணப்பக் கட்டணமும், வருமானச் சான்றுக்காகத் தாலுகா ஆபீசுக்கு அலையும் பஸ் செலவும், அதனால் போகும் ஒருநாள் கூலியும், புதிய உடுப்பும் ஒருங்கே வந்து நெருக்குகின்றன. வேலைக்கு ஆள் சேர்ப்பவர்கள் ஊருக்குள் வருவதும் அவ்வாரங்களிலேதான். ஆறாம் வகுப்பு முதல் அரசுப் பள்ளியில் பயின்றவள் யார் என்பது பள்ளிப் பதிவேட்டிலேயே இருக்கிறது. அதற்கு இன்னொரு சான்று தேவையில்லை. ஆதலின் முதல் இரு மாதத் தொகையையேனும் தேர்வு முடிவு வெளியாகும் அவ்வாரத்திலேயே அவள் கணக்கில் செலுத்திவிட்டு, சேர்க்கைச் சரிபார்ப்பைப் பின்னர் வைத்துக்கொள்ளலாம்.