எதிராளி எழுதும் மதிப்பெண்

போர்வீரர்க்கும் வேட்டையாடுவோர்க்குமே பெரும்பாலும் உரியதாக இருந்த துப்பாக்கி, பிரெஞ்சுச் சக்கரவர்த்தி மூன்றாம் நெப்போலியன் படையெடுத்து வரக்கூடும் என்ற அச்சம் பரவிய 1859-ஆம் ஆண்டில், இங்கிலாந்தின் குமாஸ்தாக்கள், வியாபாரிகள், கைத்தொழிலாளர் முதலிய சாமானியப் பிரஜைகளின் கைக்கும் வந்து சேர்ந்தது. தொண்டர் படைகளில் சேர்ந்த இவர்களுக்குக் குறிபார்த்துச் சுடும் பயிற்சியை வளர்க்கத் தேசிய ரைபிள் சங்கம் ஸ்தாபிக்கப்பட்டது. 1860 ஜூலை 2-ஆம் நாள், விம்பிள்டன் பொதுவெளியில், தாங்கியொன்றில் பொருத்தியிருந்த விட்வொர்த் ரைபிளின் விசையை விக்டோரியா மகாராணியார் பட்டுக்கயிற்றால் இழுக்க, 400 கஜத்திற்கு அப்பாலிருந்த இலக்கின் நடுவே குண்டு பாய்ந்து, முதல் போட்டி ஆரம்பமாயிற்று.

அந்த ராஜ வைபவத்தைக் காட்டிலும் என் மனத்தைக் கவர்வது, முன்பின் அறியாத மனிதர் பலர், உயிரைக் குடிக்கும் ஆயுதத்தோடு ஒருவர் பக்கத்தில் ஒருவராக இருந்து சுட நேர்ந்தபோது அவர்களுக்குள் உருவான ஆசாரமேயாகும். இலக்குகள் அந்நாளில் இரும்புத் தகடுகள். குண்டு பட்ட இடத்தைக் குறிக்கும் பணியாள் இலக்கின் அருகே மறைவிடத்தில் இருப்பான். தகட்டின்மேல் வெள்ளை பூச அவன் வெளியே வரும்போது செங்கொடி உயரும். அக்கொடி இறங்கும்வரை ஒருவரும் சுடலாகாது. கண்ணுக்கெட்டாத தொலைவிலுள்ள ஓர் ஏழைத் தொழிலாளியின் உயிருக்குச் சீமானும் கட்டுப்பட்டு நின்றான் என்பதே அந்த ஆசாரத்தின் அஸ்திவாரம்.

அதன் மற்றொரு முகத்தை 1874 செப்டம்பரில் நியூயார்க்கை அடுத்த கிரீட்மூர் மைதானம் கண்டது. முந்தின ஆண்டு விம்பிள்டனில் எல்கோ கேடயத்தை வென்றிருந்த அயர்லாந்து அணி, அங்கே அமெரிக்க அணியோடு 800, 900, 1000 கஜத் தொலைவுகளில் மோதிற்று. 900 கஜத்தில் அயர்லாந்தின் மில்னர் சுட்ட குண்டொன்று இலக்கின் நடுவில்தான் பட்டது. ஆனால், அந்தோ, அது பக்கத்து இலக்கு! அயலார் இலக்கில் பட்ட குண்டுக்கு எண் கிடையாது என்ற விதிப்படி, நான்கு எண் பெற வேண்டிய இடத்தில் அவருக்குப் பூஜ்யமே கிடைத்தது. இறுதியில், புட்டி உடைந்து காயம்பட்ட கையோடு அமெரிக்க அணியின் கர்னல் போடைன் சுட்ட கடைசிக் குண்டும் நடுவில் பாய, அமெரிக்கர் 934, அயர்லாந்தார் 931 என்று ஆட்டம் முடிந்தது. மூன்றே எண்ணில் அயர்லாந்துக்கு வெற்றி கைநழுவிற்று. அவ்வணியின் தலைவர் மேஜர் லீச், அமெரிக்கச் சுடுநர்களுக்கு வெள்ளிக் கோப்பை ஒன்றை வழங்கினார். லீச் கோப்பை என்ற பெயரோடு அது அந்நாட்டுப் போட்டிகளில் நிலைபெற்றுவிட்டது.

விம்பிள்டனைச் சுற்றி வீடுகள் பெருகவே, 1890-இல் சங்கம் சர்ரே மாவட்டத்துப் பிஸ்லிக்குக் குடிபெயர்ந்தது. அங்கே வேரூன்றிய ஒரு வழக்கத்தை நான் மிக உயர்வாகவே மதிக்கிறேன். ஓர் இலக்குக்கு இருவர் அல்லது மூவர் எனச் சேர்ந்து மாறிமாறிச் சுடுவார்கள். ஒருவர் சுடும்போது அவருடைய எண்ணைக் கணக்கேட்டில் பதிந்து, உரக்கச் சொல்பவர் அவருடைய போட்டியாளரே! கணக்கில் ஐயமிருந்தால் அப்பொழுதே எழுப்ப வேண்டும். பிறகு முணுமுணுப்பதற்கு இடமில்லை. பரிசை இழக்கப் போகிறவன் கையிலேயே பரிசின் கணக்கை ஒப்படைக்கும் இத்தகைய விசுவாசத்தை வேறு பந்தயங்களில் காண்பது அரிது.

அங்கே தலைமைப் பரிசாகிய மன்னர் பரிசை வெல்பவரை நாற்காலியில் அமர்த்தித் தோளில் சுமந்து செல்வதும் பிஸ்லியின் சம்பிரதாயம். ஆடவரே வென்றுவந்த அப்பரிசை 1930-இல் மார்ஜரி ஃபாஸ்டர் என்ற பெண்மணி ஒரே எண் வித்தியாசத்தில் வென்றபோது, அந்த மரியாதை ஒரு சிறிதும் குறைவின்றி அவருக்கும் செய்யப்பட்டது.