பாறைக்குள் எண்ணெய் புகுந்த வழி

மந்தைவெளி போன்ற, கடலுக்கு அண்மையிலுள்ள சென்னைப் பகுதிகளில் ஒரு தெருவில் கிணற்று நீர் நல்ல நீராயிருக்க, அடுத்த தெருவில் உவர்ப்பாயிருப்பதுண்டு. மணலிடுக்கில் தங்கிய நீர், குடத்து நீரைப்போல் எளிதில் கலந்துவிடுவதில்லை. பெட்ரோலியமும் அத்தகையதே. பூமிக்கடியில் எண்ணெய் ஏரி ஏதும் இல்லை. பாறையின் நுண்துளைகளில் தங்கியிருப்பதுதான் எண்ணெய்.

மணலூடே நீர் செல்லும் வேகத்துக்கு 1856-இல் விதி கண்டவர் பிரெஞ்சுப் பொறியியலார் டார்சி. எண்ணெய்க்கும் அவ்விதி பொருந்தும். ஆனால் ஒரு பாறைத்திட்டு முழுமைக்கும் கையால் கணக்கிட யாரால் ஆகும்? 1955-இல் அமெரிக்காவில் பீஸ்மன், ராக்ஃபர்ட் என்னும் இருவர் வழி காட்டினர். பாறையைச் சதுரங்கப் பலகைபோல் கட்டங்களாகப் பிரித்து, ஒரு முறை வரிசை வரிசையாகவும் மறுமுறை பத்தி பத்தியாகவும் கணக்கிட்டனர். அக்காலத்து ஆற்றல் குறைந்த கணிப்பொறிகளுக்கும் அது இயன்றது.

அது எண்ணெயை வெளியே எடுக்கும் கணக்கு. எண்ணெய் வந்து நிரம்பிய கணக்கை 1987-இல் இங்லண்ட் (நாடல்ல, ஓர் அறிஞரின் பெயர்!) என்பவரும் அவர் குழுவினரும் ஆராய்ந்து வெளியிட்டனர். எண்ணெய் பாறையின் ஒரு விளிம்பில் புகுகிறது. பின்னால் வருவது முன் வந்ததை உள்ளே தள்ளுகிறது. கனத்த எண்ணெயின் அடியில் இலேசான எண்ணெய் சேர்ந்தால் இரண்டும் இடம் மாறிப் புரண்டு விரைவில் கலக்கும். பக்கவாட்டிலோ பெரும்பாலும் விரவல்தான். நூறு மீட்டர் தூரம் விரவிக் கலக்கவே ஏறத்தாழப் பத்து இலட்சம் ஆண்டுகள் ஆகலாம். தூரம் பத்து மடங்கானால் காலம் நூறு மடங்காகும்! ஆகவே எண்ணெய் எப்பக்கம் புகுந்தது என்ற சுவடு கோடிக்கணக்கான ஆண்டுகளுக்குப் பின்னும் அழியாதிருக்கிறது.

நம் காவிரிப் படுகைக்கு வருவோம். அங்கே 1964-இல் முதல் ஆழ்கிணறு தோண்டப்பட்டது. 1980-களில் நரிமணத்தில் எண்ணெய் கிடைத்தது. வயல்களுக்கு வெகு ஆழத்தில் பாறை மேடுகளும் பள்ளங்களும் மாறி மாறிப் புதைந்துள்ளன. பள்ளத்துக் களிப்பாறையில் உண்டான எண்ணெய் மேட்டை நோக்கி ஏறும். இருபுறமும் பள்ளமிருந்தால் இருவகை எண்ணெய் வந்து சேரலாம்.

அருகருகே இரு கிணறுகள் வெவ்வேறு எண்ணெயைத் தந்தால், இடையில் பாறைச் சுவர் உள்ளதா, அல்லது எண்ணெய் இன்னும் கலக்கவில்லையா? சுவரிருந்தால் அப்பாலுள்ள எண்ணெய்க்குத் தனிக் கிணறு வேண்டும். ஒவ்வொரு கிணற்றுக்கும் பல கோடி ரூபாய் செலவு. டெல்டாவில் நெல்வயலும் போகும். 2020-ஆம் ஆண்டுப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டத்தால் டெல்டாவின் பெரும்பகுதியில் புதுக் கிணறுகளுக்கே இடமில்லை. தோண்டிய கிணறுகளிலிருந்துதான் விடை காணவேண்டும்.

கணிப்பொறியில் சுவரோடு ஒரு முறையும் சுவரின்றி ஒரு முறையும் நிரப்பிப் பார்ப்பார்கள். எது எண்ணெயின் இன்றைய வேறுபாட்டைத் தருகிறதோ அது ஏற்கத்தக்கது. எனினும் இரண்டுமே பொருந்திவிடுவதும் உண்டு. அப்போது ஒரு கிணற்றில் எண்ணெய் எடுத்து, மற்றதிலும் அழுத்தம் இறங்குகிறதா என்று பார்த்த பின்னரே சுவர் இல்லையென்று துணிவார்கள்.