அரைமுட்டை வைரமும் அரங்கன் கண்ணும்

மாஸ்கோ கிரெம்ளினில் ரஷ்யச் செங்கோலின் தலையில் இருக்கும் ஓர்லோவ் வைரம் ஸ்ரீரங்கத்துச் சாமியின் கண்ணாக இருந்ததாம். பிரெஞ்சுப் படையிலிருந்து ஓடிப்போன சிப்பாய் ஒருவன் பக்தன் வேடத்தில் கோயிலுக்குள் புகுந்து அதைப் பெயர்த்தானாம். சென்னையில் ஆங்கிலேயக் கப்பல் தலைவன் ஒருவனிடம் 2000 பவுனுக்குத் தள்ளினானாம். ஐரோப்பியர் எழுதிவைத்த கதை இது.

கதைக்கான களம் மட்டும் பொய்யில்லை. 1751-இல் நம் வாலிகண்டபுரம், ரஞ்சன்குடிப் பக்கம் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் மோதினார்கள். அடுத்த ஆண்டு ஜூனில் பிரெஞ்சுத் தளபதி ழாக் லா தன் படையோடு ஸ்ரீரங்கத்தில்தான் சரணடைந்தார். ஆகவே சிப்பாய் இருந்திருக்கலாம். கல்தான் இடிக்கிறது.

ஓர்லோவின் எடை 189.62 காரட், ஏறக்குறைய 38 கிராம். கோழிமுட்டையைக் குறுக்கே வெட்டி வைத்ததுபோல அடி தட்டை, மேல்பக்கம் உயர்ந்த குவிமாடம். சிறுசிறு பட்டைகள் வரிசை வரிசையாக அதைச் சுற்றி ஏறுகின்றன. மொத்தம் 180 அளவில் இருக்கும். லேசான நீலப்பச்சைச் சாயல் உண்டு. இந்தத் தட்டையடிப் பட்டை அமைப்பை ரோஸ்கட் என்பார்கள். இன்றைய பிரில்லியண்ட் கட்டில் கல்லின் அடிப்பகுதி கூம்பாக இறங்கி, உள்ளே போன ஒளியை மேலே திருப்பி அனுப்பும். தட்டையடிக் கல்லில் ஒளி பெரும்பாலும் கீழே கசிந்துவிடும். பளீரென்று அடிக்காமல் மெல்ல மினுங்கும். முகலாயர் காலத்துப் பட்டறைக்காரர் அதற்குக் கவலைப்படவில்லை. எடை குறையக் கூடாது, தோஷம் தெரியக் கூடாது, அவ்வளவுதான். கோகினூரை 1852-இல் லண்டனில் மறுபடி பட்டை தீட்டியபோது 191 காரட் 105.6 ஆக இளைத்தது. ஜொலிப்புக்குக் கொடுத்த விலை அது. எனக்கென்னவோ அது அநியாய விலையாகவே படுகிறது.

நம் பக்கத்து ஆலத்தியூர்ச் சுண்ணாம்புக்கல்லிலும் கரிமம் உண்டு, வைரமோ முழுக்கக் கரிமம். ஆனால் நம் கல்லைக் கத்திமுனையே கீறிவிடும். வைரத்தைத் தேய்க்க வைரப்பொடிதான் வேண்டும். தேய்த்தது தூளாகப் போகும், திரும்பி வராது. வெனிஸ்காரர் போர்ஹிஸ் செய்தது இதைத்தான். கொல்லூர்ச் சுரங்கத்துப் பெருங்கல் ஒன்றைப் பிளக்காமல் தேய்த்தே குறைத்தார். கூலி கிடைக்கவில்லை, 10,000 ரூபாய் அபராதம்தான் கிடைத்தது. 1665-இல் ஔரங்கசீப் அரண்மனையில் அந்தக் கல்லைக் கையில் வாங்கிப் பார்த்த பிரெஞ்சு வணிகர் தவெர்னியே, முட்டையைப் பாதியாக வெட்டிய வடிவம் என்றே எழுதினார். அவர் சொல்லும் எடை சுமார் 280 காரட். ரத்தி என்ற எடைக் கணக்கைக் காரட்டுக்கு மாற்றியதில் அவர் பிசகியிருக்கலாம் என்று எடை வித்தியாசத்துக்குச் சமாதானம் சொல்லி, இரண்டும் ஒரே கல் என்கிறார்கள் ஆய்வாளர் பலர்.

வடிவம் இவ்வளவு ஒத்துப்போகும்போது நானும் அந்தக் கட்சிதான். டெல்லிக் கருவூலத்துக் கல் என்றால், 1739-இல் நாதிர் ஷா வாரிக்கொண்டு போனவற்றோடு பாரசீகம் சேர்ந்து, அங்கிருந்து மேற்கே போயிருக்க வேண்டும். ஆம்ஸ்டர்டாமில் கிரிகோரி ஓர்லோவ் அதை வாங்கி ரஷ்யப் பேரரசி இரண்டாம் கேத்தரினுக்குக் கொடுத்தபோது, விற்றவர் லாசரெவ் என்ற ஆர்மீனியர்; பாரசீகத்திலிருந்து ரஷ்யாவுக்குக் குடிபெயர்ந்த வணிகக் குடும்பத்தவர். சென்னைக் கப்பல் தலைவனைவிட இந்த ஆர்மீனியரே நம்பத்தக்க சாட்சி. ஸ்ரீரங்கத்து மூலவரோ தைலக்காப்புச் சாத்தும் சுதைத் திருமேனி. பெயர்த்தெடுக்க அங்கே வைரக்கண் ஏது?