நமுனுகுல மலையடிவாரம்: கடைவீதி, சாப்பாடு, மலைப்பாதை – வடக்கு, கிழக்கிலிருந்து வருபவர்களுக்கு ஒரு கையேடு

கொழும்பிலிருந்து வரும் மலைநாட்டு ரயிலில் பெரும்பாலான சுற்றுலாப் பயணிகள் எல்லவில் இறங்கிவிடுவார்கள். ரயில் அதற்குப் பிறகும் ஓடும். ஒன்பது வளைவுப் பாலத்தைக் கடந்து, தெமோதரையில் தன்னையே சுற்றிக்கொண்டு, ஹாலிஎல வழியாகப் பதுளைக்கு வந்து நிற்கும். அதோடு தண்டவாளம் முடிகிறது. கொழும்பிலிருந்து 292 கிலோமீற்றர். 1924இல் திறந்த நிலையம் இது. வெளியே வந்து அண்ணாந்து பார்த்தால் நகரத்துக்கு மேலே நிற்பதுதான் நமுனுகுல. சிங்களத்தில் ஒன்பது சிகரங்கள் என்று பொருள். உயரம் 2,036 மீற்றர்.

யுத்தம் முடிந்த பிறகு யாழ்ப்பாணம், வன்னி, மட்டக்களப்பிலிருந்து குடும்பம் குடும்பமாக மலையகத்துக்குச் சுற்றுலா வருகிறார்கள். நுவரெலியாவையும் எல்லவையும் பார்த்துவிட்டுத் திரும்புவதே வழக்கம். பதுளையையும் நமுனுகுலவையும் சேர்த்துப் பார்க்க விரும்புபவர்களுக்காக இந்தக் கையேடு. வருபவர்களில் ஒரு பகுதியினருக்கு இது புதிய இடமல்ல, தாத்தா, பாட்டி விட்டுவந்த இடம். அவர்களுக்கான குறிப்புகளும் உள்ளே இருக்கின்றன.

வரும் வழி

யாழ்ப்பாணம், கிளிநொச்சி, வவுனியாவிலிருந்து பதுளைக்கு நேரடி ரயில் இல்லை. வடக்குப் பாதை பிரதான பாதையோடு சேரும் பொல்காவலையில் இறங்கி, பதுளை ரயிலுக்கு மாற வேண்டும். இரண்டு ரயில்களின் நேரத்தையும் முன்கூட்டியே பாருங்கள். விடுமுறைக் காலத்தில் ஆசனப் பதிவு சீக்கிரம் முடிந்துவிடும்.

மட்டக்களப்பாருக்கு வழி வேறு. செங்கலடியில் தொடங்கும் பதுளை வீதி, ஏ5 நெடுஞ்சாலை, மகாஓயா, பிபிலை, லுணுகலை, பசறை என்று ஏறிப் பதுளைக்கு வருகிறது. கறுப்புப் பாலத்தில் சோதனைக்காக வரிசையில் நின்றவர்களுக்கு இந்த வீதியை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. கரடியனாறு பக்கம் 2007இல் சண்டை ஓய்ந்த பிறகே இது மறுபடி முழு வழியானது. இந்த வழியாக வந்தால் பதுளைக்கு முன்பே பசறை வந்துவிடும். நமுனுகுலவுக்குப் பிரியும் வீதி அங்கிருந்துதான் போகிறது. அதே வீதி மலையைச் சுற்றி எல்ல பக்கம் இறங்குகிறது.

பதுளை நகரம் 680 மீற்றர் உயரத்தில்தான் இருக்கிறது, பகலில் வெயில் சுடும். நமுனுகுல பஜாருக்கு ஏறினால் மூடுபனியும் குளிரும். ஒரே நாளில் இரண்டும் உண்டு என்பதால் பிள்ளைகளுக்கு ஸ்வெட்டர் எடுத்து வாருங்கள்.

பதுளைக் கடைவீதி

சுற்றியுள்ள தோட்டங்களுக்கெல்லாம் பெரிய கடைத்தெரு பதுளைதான். சம்பளம் கைக்கு வரும் மாதத்தின் பத்தாம் திகதியை ஒட்டிய நாட்களிலும், தீபாவளி, பொங்கலுக்கு முந்திய வாரங்களிலும் நடக்க இடம் இருக்காது. நெரிசல் வேண்டாதவர்கள் மாதக் கடைசியில் வாருங்கள்.

பஜாரில் தமிழில் பேசி வாங்கலாம். புடவை, பாத்திரம், பித்தளைச் சாமான், பூசைப் பொருட்கள் எல்லாம் கிடைக்கும். சந்தையில் வாங்க வேண்டியவை மலைநாட்டு மரக்கறிகள்: வெலிமடைப் பக்கத்து உருளைக்கிழங்கு, கரட், லீக்ஸ், போஞ்சி, கோவா. பருவத்தில் பிபிலைத் தோடம்பழமும் பண்டாரவளைப் பக்கத்துப் பேரிக்காயும் வரும். மிளகு, கராம்பு வாங்குவதானால் அவை விளையும் பசறை, லுணுகலைப் பக்கத்தில் விசாரியுங்கள்.

இந்தக் கடைவீதியைப் பற்றி ஒன்று தெரிந்திருக்க வேண்டும். 1983 ஜூலை 27ஆம் திகதி நண்பகல் அளவில் ஒரு கும்பல் இந்த பஜாருக்குள் புகுந்து தமிழர் கடைகளுக்குத் தீ வைத்தது. பிறகு வீடுகள் எரிந்தன. அன்றே அந்தக் கும்பல் ஹாலிஎல, பண்டாரவளை, வெலிமடைக்கும் போனது. இரவுக்குள் லுணுகலையும் எரிந்தது. கறுப்பு ஜூலை என்றால் கொழும்பும் வெலிக்கடையும் நினைவுக்கு வருகிற நமக்கு, பதுளை அவ்வளவாக நினைவுக்கு வருவதில்லை. எரிந்த கடைவீதியில் மறுபடி கதவு திறந்து வியாபாரம் செய்த ஊர் இது.

தேயிலை வாங்கும்போது

ஊவாத் தேயிலைக்குத் தனி மணம் உண்டு. ஜூலை முதல் செப்டெம்பர் வரை, தென்மேல் பருவக்காற்று மலைக்கு அந்தப் பக்கம் மழையைக் கொட்டிவிட்டு இந்தப் பக்கம் வறண்ட கச்சானாக இறங்கும். அந்தக் காற்றில் வாடும் கொழுந்தில் லேசான மெந்தோல் போன்ற மணம் ஏறுகிறது. மட்டக்களப்பில் உடம்பைக் காயவைக்கும் அதே கச்சான் காற்று இங்கே தேயிலைக்கு விலை கூட்டுகிறது.

வாங்கும்போது மூன்று விடயங்களைப் பாருங்கள். பைக்கட்டில் ஊவா என்ற பெயர், தேயிலைச் சபையின் சிங்க இலச்சினை, பொதி செய்த திகதி. சிங்க இலச்சினை இருந்தால் அது முழுக்க இலங்கைத் தேயிலை, இங்கேயே பொதி செய்தது என்று அர்த்தம். பாலூற்றிக் குடிப்பவர்களுக்குத் தூளாக இருக்கும் டஸ்ட், பி.ஓ.பி.எப். ரகங்கள் நல்லது. வெறும் தேத்தண்ணிக்குப் பி.ஓ.பி. போதும். தொழிற்சாலையைச் சுற்றிப் பார்க்க விரும்பினால் எல்லவுக்கு அருகே ஹல்பேவத்த தொழிற்சாலையில் பார்வையாளர்களுக்கு இடமளிக்கிறார்கள்.

ஒரு கிலோ தேயிலைக்கு ஏறத்தாழ நாலரைக் கிலோ பச்சைக் கொழுந்து வேண்டும். நாளொன்றுக்குப் பறிக்க வேண்டிய அளவு தோட்டத்துக்குத் தோட்டம் மாறும். பதினெட்டுக் கிலோ என்று வைத்தால் ஒரு பெண்ணின் ஒரு நாள் உழைப்பு நாலு கிலோ தேயிலை. அதற்கான குறைந்தபட்ச நாட்சம்பளம் 2021இல் 1,000 ரூபாயாகவும் 2024 செப்டெம்பரில் 1,350 ரூபாயாகவும் நிர்ணயிக்கப்பட்டது. கடையில் விலைச்சீட்டைப் பார்க்கும்போது இந்தக் கணக்கையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

சாப்பாடு

பதுளையில் காலைக்குச் சைவக் கடையில் தோசை, இடியப்பம், உளுந்து வடை. மத்தியானம் சோறும் கறியும். இரவுக்கு முஸ்லிம் கடைகளில் கொத்து ரொட்டி, பிரியாணி. ரயிலில் வருபவர்கள் வழியில் கூடையோடு ஏறுபவர்களிடம் வடையும் அவித்த சோளமும் வாங்கலாம்.

தோட்டத்துச் சாப்பாடு கடைகளில் பெரிதாகக் கிடைப்பதில்லை. கோதுமை மா ரொட்டி, அம்மியில் அரைத்த கட்டச் சம்பல், அவித்த மரவள்ளிக்கிழங்கு, இஞ்சி போட்ட சாயத்தண்ணி. பசறை, நமுனுகுல வீதியோரச் சின்னக் கடைகளில் ரொட்டியும் சம்பலும் கேட்டுப் பாருங்கள். லயத்து வீட்டில் யாராவது உட்காரச் சொல்லித் தேத்தண்ணி கொடுத்தால் மறுக்காதீர்கள். காசு கொடுத்தால் வாங்கமாட்டார்கள். பிள்ளைகளுக்கு ஏதாவது வாங்கிக்கொண்டு போவதே முறை.

மலையும் நீர்வீழ்ச்சியும்

துன்ஹிந்த: பதுளையிலிருந்து மஹியங்கனை வீதியில் சில கிலோமீற்றர் தூரத்தில். பதுலு ஓயா 64 மீற்றர் உயரத்திலிருந்து விழுகிறது. வீதியிலிருந்து காட்டுப் பாதையில் கொஞ்சத் தூரம் நடக்க வேண்டும். குரங்குகள் பையைப் பறிக்கும், சாப்பாட்டை வெளியே தெரிய வைக்காதீர்கள்.

ஒன்பது வளைவுப் பாலம்: 1921இல் கட்டியது. 91 மீற்றர் நீளம், 24 மீற்றர் உயரம். தண்டவாளத்தில் நின்று படம் எடுப்பது ஆபத்து, பக்கத்து மேட்டிலிருந்து பார்த்தாலே முழுப் பாலமும் தெரியும். தெமோதரையில் நிலையத்துக்கு நேர் கீழே சுரங்கத்துக்குள் ரயில் நுழைவதையும் பாருங்கள். பிள்ளைகளுக்கு அது ஒரு வித்தை.

நமுனுகுல ஏற்றம்: பாதை முதலில் தேயிலைக்குள்ளும் பிறகு காட்டுக்குள்ளும் போகிறது. உச்சியில் பத்து மணிக்கு மேல் மேகம் மூடிவிடும் நாட்கள் அதிகம், விடியலில் கிளம்புங்கள். ஈரத்தில் அட்டை கடிக்கும், உப்போ சவர்க்காரமோ கையில் இருக்கட்டும். தனியாக ஏற வேண்டாம். கனவரல்ல, பிங்கராவ போன்ற தோட்டங்கள் மலையடியில்தான் இருக்கின்றன. அங்கே வழி தெரிந்த ஒரு தம்பியைக் கூட்டிக்கொண்டு போய், கூலியை முன்பே பேசிக் கொடுங்கள்.

தியலும: 220 மீற்றர். பண்டாரவளை, ஹப்புத்தளைப் பக்கமிருந்து கொஸ்லந்தை வழியாகப் போக வேண்டும். அந்த வழியில்தான் மீரியபெத்தை இருக்கிறது. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை மண் சரிந்து லயன்களை மூடிய இடம். புதையுண்டவர்கள் எல்லோரின் உடல்களும் மீட்கப்படவில்லை. உடல் கிடைக்காத துக்கம் என்ன என்பது இதை வாசிக்கிற பலருக்குத் தெரியும். அந்த இடத்தைக் கடக்கும்போது பாட்டின் சத்தத்தையாவது குறைத்துக்கொள்ளுங்கள்.

பிந்துனுவெவ பண்டாரவளைக்கு அருகே இருக்கிறது. 2000 ஒக்டோபர் 25ஆம் திகதி அங்கிருந்த புனர்வாழ்வு முகாமில் 25க்கும் மேற்பட்ட தமிழ் இளைஞர்கள் அடித்தும் வெட்டியும் கொல்லப்பட்டார்கள். தண்டனை பெற்றவர்களை 2005இல் உயர் நீதிமன்றம் விடுவித்தது. எந்தச் சுற்றுலாக் கையேட்டிலும் அந்த இடம் இல்லை.

தாத்தாவின் தோட்டத்தைத் தேடுபவர்களுக்கு

எழுபதுகளின் பஞ்சத்தாலும் 1977, 1983 வன்முறைகளாலும் மலையகத்திலிருந்து வவுனியா, கிளிநொச்சி, முல்லைத்தீவுக்கு வந்தவர்கள் ஏராளம். டொலர் பாம், கென்ட் பாம் என்று குடியேறி, அங்கிருந்தும் துரத்தப்பட்டு, கடைசி யுத்தத்தையும் அனுபவித்த குடும்பங்கள் அவை.

தேடி வருபவர்கள் பழைய பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தின் பிரதி இருந்தால் கொண்டு வாருங்கள், அதில் தோட்டத்தின் பெயர் இருக்கும். தோட்டங்களுக்கு ஆவணத்தில் ஒரு பெயரும் மக்கள் வாயில் வேறொரு பெயரும் இருப்பது வழக்கம். வீட்டில் பெரியவர்கள் சொன்ன பெயரையும், டிவிஷனையும், கங்காணியின் பெயரையும் எழுதிக்கொள்ளுங்கள். முதலில் தோட்டத்து மாரியம்மன் கோயிலடியில் வயதானவர்களிடம் கேளுங்கள். காரியாலயப் பதிவேட்டைவிட அவர்கள் ஞாபகம் வேகமானது. மாசியில் காமன் கூத்து நடக்கும் நாட்களில் வந்தால் வெளியூரில் வேலை செய்பவர்களும் ஊரில் இருப்பார்கள்.

கடைசியாகக் கவனிக்க

கொழுந்து பறிப்பவர்களைக் கேட்காமல் படம் எடுக்காதீர்கள். கூடையை வாங்கித் தலையில் மாட்டிக்கொண்டு நிற்பதும் வேண்டாம். அவர்களுக்குக் கொழுந்து நிறுக்கும் நேரம் முக்கியம். நம் பக்கத்தில் இன்னும் சிலர் சொல்லும் ‘தோட்டக்காட்டான்’ என்ற சொல்லை விளையாட்டுக்கும் இங்கே உச்சரிக்காதீர்கள். பெரியவர்களை ஐயா, அம்மா என்றும் மற்றவர்களை அண்ணே, அக்கா என்றும் கூப்பிட்டால் போதும்.

ஒக்டோபர் முதல் ஜனவரி வரை இந்தச் சரிவில் மழைக்காலம். பெப்ரவரி, மார்ச்சும் ஜூன் முதல் செப்டெம்பர் வரையும் நடப்பதற்கு நல்லது. மழை என்றால் தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கையைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். ரயில் ஓடுகிறதா என்பதையும் நிலையத்தில் கேளுங்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையம் 117, அம்புலன்ஸ் 1990. எச்சரிக்கை வந்தால் நீங்கள் பயணத்தைத் தள்ளிப்போடலாம். லயத்தில் இருப்பவர்கள் அந்த இரவையும் அதே சரிவில்தான் கழிப்பார்கள். மழை விட்ட பிறகு வாருங்கள், வந்தால் பசறை வீதியோரக் கடைகளில் ஏதாவது வாங்கிக்கொண்டு போங்கள்.