திண்ணையில் கொடுத்த ஒரு பூப்பெயர்

மார்ச் மாதம் சிவகிரித் தெருக்களில் சாயங்காலம் நடந்தால் வீட்டுக்கு வீடு வாசிக்கிற சத்தம். கைடைத் திறந்து வைத்து ஒரே விடையைப் பத்துத் தடவை வாசிப்பார்கள். “படிச்சாச்சா?” “படிச்சாச்சு.” மூடிவிட்டுக் கேட்டால் பாதி வராது.

பழைய திண்ணைப் பள்ளிக்கூடத்தை ‘வெறும் மனப்பாடம்’ என்று ஒதுக்கிவிட்டோம். ஆனால் உ.வே.சாமிநாதையர் (1855–1942) ‘என் சரித்திரம்’ நூலில் ஒரு பழக்கத்தைச் சொல்கிறார். பள்ளி விடும் நேரத்தில் உபாத்தியாயர் ஒவ்வொரு பையனுக்கும் ஒரு பூ, பறவை, மிருகம் அல்லது ஊரின் பெயரைச் சொல்லி அனுப்புவார். மறுநாள் அதை மறக்காமல் வந்து ஒப்பிக்க வேண்டும்.

நடுவில் ஒரு ராத்திரி இருக்கிறது, கவனியுங்கள். ஜெர்மனியின் எபிங்கவுஸ், பொருளற்ற அசைகளைத் தானே மனப்பாடம் செய்து அளந்து பார்த்து, முடிவை 1885இல் வெளியிட்டார். ஒரே நாளில் மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டது. இடைவெளி விட்டுத் திரும்பப் படித்தால் உழைப்பு குறைகிறது என்றும் கண்டார். மறதி வேலை செய்யும் அந்த ராத்திரியைத் தாண்டித்தான் திண்ணைப் பையனும் சொல்லியாக வேண்டியிருந்தது. முந்திரி 1/320, காணி 1/80, மாகாணி 1/16 என்று எண்சுவடிக் கணக்கும் வாயில்தான் நின்றது.

அந்தத் திண்ணை திரும்ப வர வேண்டாம். அங்கே பிரம்பு இருந்தது. தலித் பிள்ளைகளுக்கு இடமில்லை. கேள்வியை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். அதைக் கேட்பவருக்கு விடை தெரிந்திருக்கக்கூட வேண்டாம். பள்ளிக்கூடமே போகாத அம்மாவும் கேட்கலாம்: “புஸ்தகத்த மூடு. நேத்து படிச்சத இப்ப சொல்லு.”