கேட்டாத்தான் கிடைக்கும்: துறைமுகச் சோதனையும் உங்க போனும்

ராஜாஜி சாலையில பர்மா பஜாரைத் தாண்டிப் போயிருப்பீங்க. கஸ்டம்ஸ் ஹவுஸும் அதே சாலையிலதான். வெளிநாட்டுச் சாமான் விக்கிற கடையும், அதைத் தேடிப் பிடிக்கிற ஆபீஸும் ஒரே ரோட்டுல! பிளேன் டிக்கெட் எட்டாத காலத்துல, மலாயா, சிங்கப்பூர் போனவங்க திரும்பி வந்து இறங்கினது பக்கத்துல இருக்கிற துறைமுகத்துலதான். 1926-ல் கட்டின 'ராஜுலா' கப்பல் 1970-கள் வரைக்கும் ஓடுச்சு. அப்புறம் 'சிதம்பரம்', 1985-ல் அதுல தீப்பிடிக்கிற வரைக்கும்.

இறங்கினதும் டிரங்குப் பெட்டியைத் திறந்து காட்டணும். சந்தேகம் வந்தா உடம்பையும் சோதிப்பாங்க. அந்த அதிகாரம் 1878-ம் வருஷத்துக் கடல் சுங்கச் சட்டத்துலேர்ந்து வந்தது. வெள்ளைக்காரன் போட்ட சட்டம்தான். ஆனா அதுலயே பயணிக்கும் ஒரு பிடி இருந்துச்சு. 'சோதனைக்கு முன்னாடி என்னை மாஜிஸ்திரேட்கிட்டயோ கஸ்டம்ஸ் கலெக்டர்கிட்டயோ கூட்டிட்டுப் போங்க'ன்னு கேட்கலாம்.

1962-ம் வருஷத்துச் சுங்கச் சட்டத்தோட 102-வது பிரிவுல அந்த உரிமை இன்னைக்கும் இருக்கு. கலெக்டருக்குப் பதிலா கெசட்டெட் அதிகாரி, அவ்வளவுதான் வித்தியாசம். சோதிக்க நியாயமான காரணம் இல்லைன்னு அவருக்குப் பட்டா, உடனே விட்டுடணும். ரெண்டு சாட்சி வேணும். பெண்ணைப் பெண்தான் சோதிக்கணும். சிக்கல் எங்கேன்னா, 'அந்த நபர் கேட்டால்'னுதான் பிரிவு சொல்லுது. ராயபுரம், திருவொற்றியூர்லேர்ந்து கப்பல் வேலைக்குப் போய்ட்டு வர்ற எத்தனை பேருக்கு இது தெரியும்?

இப்போ போனுக்கு வருவோம். 102 பேசுறது உடம்புச் சோதனையைப் பத்தி மட்டும்தான். விசாரணைக்கு உதவும்னு அதிகாரி நினைக்கிற ஆவணத்தையோ பொருளையோ பறிமுதல் பண்ணலாம்னு 110-வது பிரிவு சொல்லுது. போனும் ஒரு பொருள்தானே! ஆவணத்தை எடுத்தா, அதிகாரி முன்னாடியே நீங்க நகல் எடுத்துக்கலாம்னும் அதே பிரிவுல இருக்கு. காகிதத்தை நினைச்சு எழுதின வரி அது. பத்து வருஷ வாட்ஸ்அப்புக்கு எப்படி நகல் எடுக்கிறது?

வாயைத் திறக்கிறதுலயும் கவனம் வேணும். சுங்க அதிகாரி போலீஸ் கிடையாது, விசாரணைக் கட்டத்துல நீங்க 'குற்றம் சாட்டப்பட்டவர்' கிடையாதுன்னு 1968-ல் ரமேஷ் சந்திர மேத்தா வழக்குல உச்ச நீதிமன்றம் சொல்லிடுச்சு. அதனால போலீஸ்கிட்ட கொடுக்கிற வாக்குமூலத்துக்கு இருக்கிற பாதுகாப்பு இங்கே இல்லை. நீங்க சொல்றது உங்களுக்கு எதிராவே சாட்சியாகலாம். அதுவும் 1878 சட்டத்தை வெச்சு வந்த தீர்ப்புதான்.

2017-ல் புட்டசாமி வழக்குல ஒன்பது நீதிபதிகள் அந்தரங்கத்தை அடிப்படை உரிமைன்னாங்க. அதுல அரசு கை வைக்கணும்னா, அதுக்கு ஒரு சட்டம் இருக்கணும், தேவைக்கு மேல போகவும் கூடாது. 102-வது பிரிவை இதோட சேர்த்து ஒருதடவை படிச்சுப் பாருங்க. உடம்பைத் தொடுறதுக்கு இவ்வளவு நிபந்தனை வெச்ச பிரிவுல, போனுக்குள்ள இருக்கிறதைப் பார்க்கிறதுக்கு ஒரு வார்த்தைகூட இல்லை.