புள்ளி வைக்காத ஓலை

எங்க தாத்தா கோலார் தங்கவயலில் சுரங்க வேலை பார்த்தவர். ஓசூர்ப் பக்கம் ஊருக்குத் திரும்பும்போது ஒரு தகரப்பெட்டியும் அதுக்குள்ளே ஒரு ஓலைக்கட்டும்தான் கொண்டுவந்தார். வைத்திய ஓலை என்பார். அவர் செத்த வருஷம், ‘படிக்கத் தெரியாத ஏடு வீட்ல இருந்தா ஆகாது, ஆத்துல விட்டுட்டு வா’ என்றது பாட்டி. ஆடிப் பதினெட்டன்று தென்பெண்ணையில் போட்டது நான்தான். அப்போது ஏழாவது படித்துக்கொண்டிருந்தேன்.

எம்.ஏ. தமிழ் படிக்கையில்தான் போட்டது என்ன என்று புரிந்தது. பனையோலையை வேகவைத்து, உலர்த்தி, ஒரே அளவாக நறுக்கி, துளையிட்டுக் கயிறு கோத்து, எழுத்தாணியால் கீறுவார்கள். கீறலில் கரியும் இலைச்சாறும் தடவினால்தான் எழுத்து கண்ணுக்குத் தெரியும். ஓலை கிழியும் என்று புள்ளி வைப்பதில்லை. ‘கல்’லும் ‘கல’வும் ஒன்றுபோலவே இருக்கும். ‘செடி’க்கும் ‘சேடி’க்கும் வித்தியாசம் கிடையாது. சொல்லுக்குச் சொல் இடைவெளியும் இல்லை. பாட்டைக் காதால் கேட்டு மனசில் வைத்திருந்தவன்தான் ஓலையைத் தடையில்லாமல் படிக்க முடியும். பூச்சியும் ஈரமும் ஓலையைத் தின்றுவிடும். அதனால் பழையதைப் பார்த்துப் புதியதில் எழுதிக்கொண்டே இருக்கவேண்டும். ஒரு நூல் பிழைத்திருக்கிறது என்றால் தலைமுறை தலைமுறையாக யாரோ கை வலிக்க எழுதியிருக்கிறார்கள்.

அந்த யாரோ யார்? மடங்கள், ஜமீன்கள், புலவர் வீடுகள் என்று வகுப்பில் சொன்னார்கள். சேரி அந்தப் பட்டியலில் இல்லை.

அயோத்திதாசப் பண்டிதர் (1845–1914) வேறு கதை சொல்கிறார். ஆரிங்டன் துரையிடம் பட்லராக இருந்த தன் பாட்டன் கந்தப்பன், வீட்டிலிருந்த குறள், நாலடி ஓலைகளை எல்லீஸ் துரையிடம் கொடுத்தார், அதிலிருந்தே அவை அச்சேறின என்று எழுதியிருக்கிறார். குறள் முதலில் அச்சானது 1812இல். ஏடு தேடியவர்களை நமக்குப் பாடத்தில் வைத்தார்கள். ஏடு வைத்திருந்த கந்தப்பனை வைக்கவில்லை.

பண்டிதர் 1907இல் சென்னையில் தொடங்கிய ‘தமிழன்’ பின்னால் தங்கவயலிலிருந்து வந்தது. அவருடைய நூல்களை மாரிக்குப்பம் சித்தார்த்த புத்தகசாலை வெளியிட்டது. எங்க தாத்தா மண்ணுக்குள் இறங்கிய அதே ஊர். கூலிக்காரர்கள் அங்கே அச்சுக்கூடமும் வைத்திருந்தார்கள், வாசகர்களாகவும் இருந்தார்கள். 1999இல் ஞான. அலாய்சியஸ் பண்டிதர் எழுத்துக்களைத் தொகுத்தபிறகுதான் எனக்கு இதெல்லாம் கைக்குக் கிடைத்தது.

இப்போது சிப்காட்டில் ஷிப்டு முடித்து வரும் தம்பிகளிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன்: உங்க வீட்டுப் பரணில் ஓலைக்கட்டு இருந்தால் ஆற்றில் விடாதீங்க. கையிலிருக்கும் போனில் ஒவ்வொரு ஏடாகப் படம் பிடிங்க. படிக்கத் தெரிந்தவர்களைத் தேடிப் போவோம்.

நான் போட்ட கட்டில் என்ன எழுதியிருந்தது என்று இனி யாராலும் சொல்ல முடியாது.